காற்றோடியை வரைந்தவள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வெர்னா ஸ்டாஷ்கோ துணி துவைக்கத்தான் போனாள். 1990, ஜூன் மாதக் கடைசி. மன்ஹாட்டனுக்கு ஆற்றின் மறுகரையில், அஸ்டோரியாவில் முப்பத்தோராம் தெருவில், தலைக்கு மேலே ரயில் தடதடக்கும் பாலத்துக்கு அடியில் இருந்தது அந்தச் சலவைக் கடை. காசு போட்டால் சுழலும் எந்திரங்கள், துணி மடிக்க ஒரு நீள மேசை, கால் உடைந்த இரண்டு நாற்காலிகள். வெர்னா துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, அந்த மேசையின் மேல் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் சாம்பல் நிறத் துண்டைக் கட்டியிருந்தது. மேசை விளிம்புக்கு வந்து இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

அது குதிக்கவில்லை. குதித்திருந்தால் வெர்னா அவ்வளவு பயந்திருக்கமாட்டாள். படி இறங்குவதுபோல நிதானமாக ஒரு காலை எடுத்து வெறும் காற்றில் வைத்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அதன் அம்மா, கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டுக் குழந்தையை ஏந்திப் பிடித்தாள்.

"வீட்டுல நாள் பூரா இதேதான். சோபாவுல ஏறு, எண்ணு, கால வை. அந்தப் படம் பாத்ததுலேருந்து உசுர வாங்குது," என்று வெர்னாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க பிடிக்கலேன்னா?" என்றாள் வெர்னா.

"அதான் பிடிச்சுட்டேனே!"

வெர்னா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, பாலத்தின் தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடு, மூன்று எண்ணு, காலை வை. அந்த வார்த்தைகளை எழுதியவள் அவள்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது.

1964இல் அவள் மன்ஹாட்டனில் ஒரு சின்ன காமிக்ஸ் கம்பெனியில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வயது முப்பத்தாறு. ஒரே அறை, நான்கு சாய்வு மேசைகள், அதில் ஒன்றுதான் பெண்ணுக்கு. புத்தகத்தில் அவள் பெயர் 'வி. ஸ்டாஷ்கோ' என்று மட்டும் வரும். பெண் வரைகிறாள் என்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று ஆசிரியர் லூ ஃபிங்கர்ஹட்டுக்கு ஒரு பயம். ஒருநாள் அவர் அவளைக் கூப்பிட்டு, அச்சுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, பறக்கிற நாயகன் ஒருவன் வேண்டும் என்றார். அவள் இறக்கை வைத்த ஆள் ஒருவனை வரைந்து பார்த்தாள். ஒரு பக்கத்தில் வரும் இறக்கைகளுக்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. இருபது பக்கம் போட வேண்டும். இரண்டாம் நாள் காலையில் எல்லா இறக்கைகளையும் அழித்துவிட்டாள்.

"இறக்கை இல்லாம எப்படிம்மா பறப்பான்?" என்றார் லூ.

"பறக்கமாட்டான். நடப்பான். மாடி விளிம்புல நின்னு கண்ண மூடி மூணு எண்ணிட்டுக் கால வைப்பான். காத்து பிடிச்சுக்கும்."

"எந்தக் காத்து?"

"நம்புறவனுக்கு வர்ற காத்து."

லூ சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இது நல்லாருக்கே!" என்றார். அப்படிப் பிறந்தவன்தான் காற்றோடி. சாம்பல் நிற மேலங்கி, வெறும் கால், இழுத்துச் சாத்திய கண்கள். பெரிதாக விற்கவில்லை, நஷ்டமும் இல்லை. மொத்தம் முப்பத்தோரு இதழ்கள் வந்தன.

பத்தொன்பதாம் இதழ் வந்த பிறகு, பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் ஊரிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதினாள். அவள் மகன் டெனிஸ், எட்டு வயது, வாசல் முகப்பின் கூரையிலிருந்து கால் வைத்திருக்கிறான். இரண்டு காலும் முறிந்துவிட்டன. கடிதத்தில் திட்டு ஒன்றும் இல்லை. கடைசியில் இப்படி இருந்தது: "மூன்று சரியாகத்தான் எண்ணினேன், என்ன தப்புச் செய்தேன் என்று உங்களிடம் கேட்கச் சொல்கிறான்."

வெர்னா அதை வாசித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். லூ கடிதத்தைப் பார்த்து, "கையெழுத்துப் போட்டு ஒரு இதழ் அனுப்பு, பையன் சந்தோஷப்படுவான்," என்றார். அவள் அதைச் செய்யவில்லை. அடுத்த இதழில் காற்றோடி வாசகர்களைப் பார்த்து "இது கதை, யாரும் செய்யாதீர்கள்" என்று சொல்லும் ஒரு பக்கத்தை வரைந்து கொடுத்தாள். புத்தகம் வந்தபோது அந்த இடத்தில் தசைகளை முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பயில்வானின் விளம்பரம் இருந்தது. அந்தத் தாய்க்கு அவள் பதில் எழுதவே இல்லை. எழுத உட்காருவாள், 'அன்புள்ள' என்பதற்கு மேல் கை நகராது.

1967இல் பத்திரிகை நின்றது. மற்ற மூவரும் மதுக்கடையில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடினார்கள். வெர்னா வீட்டுக்குப் போய்ப் பல வருஷத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரு பெரிய துணிக்கடையின் செய்தித்தாள் விளம்பரங்களுக்குச் செருப்பும் கைப்பையும் வரைந்தாள். செருப்பைப் பார்த்து எந்தக் குழந்தையும் மாடியிலிருந்து கால் வைக்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தம்பி வால்ட், மனைவியைப் பிரிந்து வந்த பிறகு அவளோடுதான் இருந்தான். காலானிஸ் என்ற கிரேக்கக் குடும்பத்தின் வீட்டில் மேல்தளம் அவர்களுடையது.

யாராவது கேட்டால் வால்ட் சொல்வான், அக்கா காமிக்ஸ் வரைந்தவள் என்று. "எது?" என்பார்கள். "காற்றோடி." "அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்பார்கள். வெர்னாவுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி 1990 மே மாதத்தோடு போனது. காற்றோடியின் உரிமை கம்பெனி கம்பெனியாகக் கைமாறி, கலிஃபோர்னியாவில் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அவளுக்கு இரண்டு டிக்கெட்டுகள் தபாலில் வந்தன.

"போயே ஆகணும் வெர்ன். உன் பேரு திரையில வரும்!" என்றான் வால்ட்.

"வராது."

"வரலேன்னா நான் எழுந்து நின்னு கத்துவேன், இங்க உக்காந்திருக்கா பாருங்கடான்னு."

ஸ்டைன்வே தெருத் திரையரங்கில் அறுநூறு பேர். வெர்னா வரைந்ததெல்லாம் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் விளிம்பு, அடுத்ததில் பாதம், அடுத்ததில் மேகம். இங்கே அறுபதடி அகலத்தில் ஒரு அழகான இளைஞன் வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நின்றான். காற்று இரைகிற சத்தம் இருக்கைக்கு அடியிலிருந்து வந்தது. அவன் கண்ணை மூடினான். இரண்டு நிமிஷம் வாத்தியங்கள் ஏறிக்கொண்டே போயின. காலை வைத்தான். காற்று பிடித்துக்கொண்டது. பொய் என்று தெரிந்தவளுக்கே ஒரு கணம் உண்மையாகத் தோன்றியது. அதுதான் அவளை உலுக்கியது.

இரண்டாவது தடவை அவன் விளிம்புக்கு வந்தபோது, முன் வரிசையிலிருந்த பிள்ளைகள் அவனோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். மூன்றாவது தடவை அரங்கமே எண்ணியது. பெரியவர்களும்தான். "ஒண்ணு! ரெண்டு! மூணு!" வால்ட் அவள் தோளை அழுத்திக்கொண்டு எண்ணினான். வெர்னா எழுந்து, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே போய்விட்டாள்.

அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாயிரம் பேர் வாசித்த காலத்தில் ஒரு டெனிஸ். இப்போது எத்தனை கோடிப் பேர்? ஜூலைக்குள் காற்றோடி இல்லாத வீடு அஸ்டோரியாவில் இல்லை. காலைச் சோளப்பொரிப் பெட்டியில் இருந்தான்; தலையணை உறையில், பல் துலக்கும் தூரிகையில் இருந்தான். கசாப்புக்கடைக்காரர் தராசில் இறைச்சியை வைக்கும்போதுகூட "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கண்ணைச் சிமிட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது காற்றோடியை உதாரணம் காட்டினார். வெர்னா இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வால்ட் தெரு முழுக்கச் சொல்லியிருந்ததால் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். அவள் எல்லோருக்கும் வரைந்து கொடுத்தாள். எல்லாப் படத்திலும் காற்றோடி நாற்காலியில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான், அல்லது பஸ்ஸுக்கு நின்றான்.

"இவன் பறக்கவே மாட்டேங்கிறானே," என்றாள் கீழ்வீட்டுப் போப்பி. ஃபோட்டினி காலானிஸின் மகள், ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை.

"இன்னைக்கு அவனுக்கு லீவு," என்றாள் வெர்னா.

"நேத்தும் லீவுன்னீங்க."

தினமும் மூன்று செய்தித்தாள்கள் வாங்கினாள். உள்பக்கச் சின்னச் செய்திகளை விரல் வைத்து வாசித்தாள். தெருவில் நடக்கும்போது நிமிர்ந்து ஜன்னல்களையே பார்த்ததால் இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். படக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசி, படத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை போடும்படி கேட்டாள்.

"எதுக்கு மேடம் எச்சரிக்கை? எங்க படத்துல அவர் விழவே மாட்டாரே," என்றது எதிர்முனையில் ஒரு இளங்குரல், உண்மையிலேயே புரியாமல்.

"அதனாலதாம்மா," என்றாள் வெர்னா. அந்தப் பெண் குறித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. பகல் இரண்டு மணிக்கு ஊரே வெந்துகொண்டிருந்தது. வால்ட் கூரைக்கு ஏறி ஆன்டெனாவைத் திருகிவிட்டு, வயர் பற்றவில்லை என்று கடைக்குப் போயிருந்தான். வெர்னா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கூரையில் காலடிச் சத்தம் கேட்டது. வால்ட் அதற்குள் வந்துவிட்டானா என்று நினைத்தாள். வால்ட் நடந்தால் பாத்திரங்கள் அதிரும். இது பூனை நடப்பதுபோல இருந்தது.

கத்தியை வைத்துவிட்டு நடைக்கு வந்தாள். சுவரோடு இருந்த இரும்பு ஏணிக்கு மேலே கூரைக் கதவு திறந்து கிடந்தது. சதுரமாக வெள்ளை வானம் தெரிந்தது.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திடுக்கிடும். பன்னிரண்டு படிகளையும் முழங்கால் வலியோடு ஏறித் தலையை வெளியே நீட்டினாள். பின்பக்கக் கைப்பிடிச் சுவரின் மேல் போப்பி நின்றுகொண்டிருந்தாள். ஒரு முழ அகலச் செங்கல் சுவர். கழுத்தில் ரோஜாப்பூப் போட்ட தலையணை உறையை ஊக்கு குத்தி மாட்டியிருந்தாள். வெறும் கால். அந்தப் பக்கம் இரண்டு மாடி ஆழத்தில் சிமென்ட் முற்றம்.

கூரையில் ஏறியதும் வெர்னாவின் செருப்பு தரையில் பட்டுச் சப்பென்றது. கழற்றி வைத்தாள். தார்க் கூரை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

"ஒண்ணு," என்றாள் குழந்தை.

"போப்பி," என்றாள் வெர்னா, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "எது வரைக்கும் எண்ணப் போற?"

"மூணு. குறுக்க பேசாதீங்க மிஸ் வெர்னா. மறுபடி முதல்லேருந்து எண்ணணும்."

"அடடா, தப்புதான்." ஓரடி வைத்தாள். "ஆனா இன்னைக்குக் காத்தே இல்லையே கண்ணு. உன் துணி கொஞ்சமும் அசையல பாரு."

"கண்ண மூடினாத்தான் வரும். உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? அவன நான்தானே வரைஞ்சேன்."

"நீங்க வரையறவன் உக்காந்துகிட்டே இருக்கான். அது வேற ஆளு. இவன் படத்துல இருக்கிற நிஜ ஆளு."

 அவன் மேல் அவளுக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை. அவள் சொன்னால் எடுபடாது. பாதம் எரிந்தது. இன்னும் எட்டடி. பேச்சை நிறுத்தினால் குழந்தை எண்ண ஆரம்பித்துவிடும்.

"டெனிஸ்னு ஒரு பையன் இருந்தான்," என்றாள், அடி அடியாக நெருங்கிக்கொண்டே. "உன்னைவிட ரெண்டு வயசு பெரியவன். அவனும் இப்படித்தான் கூரை மேல ஏறினான்."

போப்பி கண்ணைத் திறந்து தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். "பறந்தானா?"

"இல்ல. விழுந்துட்டான். ரெண்டு காலும் ஒடிஞ்சுபோச்சு."

"தப்பா எண்ணிருப்பான்."

"சரியாத்தான் எண்ணினான். அவங்க அம்மா எனக்குக் கடுதாசி போட்டாங்க."

"அப்ப ஏன் காத்து வரல?"

வெர்னா இன்னோரடி வைத்தாள். இருபத்துநான்கு வருஷமாக எழுத முடியாத பதில் அது. "அது எப்பவும் வராது கண்ணு. எனக்கு இறக்கை வரைய நேரமில்ல. அதான் காத்து பிடிச்சுக்கும்னு எழுதிட்டேன். நான் சொன்ன பொய் அது."

குழந்தையின் கீழுதடு பிதுங்கியது. கண்ணீர் உடனே வந்தது. "நீங்கதான் பொய்! நீங்க கெட்டவங்க!" என்று கத்திவிட்டு, வெடுக்கென்று முன்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். "ஒண்ணுரெண்டுமூணு" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மீதியிருந்த மூன்றடியைத் தான் எப்படிக் கடந்தாள் என்று வெர்னாவுக்குக் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. ஒரு கையில் கவுனின் முதுகு, இன்னொரு கையில் பின்னல். ஊக்கு உள்ளங்கையில் கிழித்துக்கொண்டு போனது. இருவரும் இந்தப் பக்கமாகத் தாரின் மேல் விழுந்தார்கள். தலையணை உறை மட்டும் அந்தப் பக்கம் போனது. போப்பி வீறிட்டுக்கொண்டே அவள் முன்கையைக் கடித்தாள். வெர்னா விடவில்லை. கடிக்கட்டும் என்று இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஃபோட்டினி ஏணியேறி வந்தாள். "என் பொண்ண என்ன பண்றீங்க? விடுங்க அவள!" என்று பாய்ந்தாள். வெர்னா சுவரைக் காட்டினாள். ஃபோட்டினி எட்டிப் பார்த்தாள். கீழே, அவளுடைய தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில், ரோஜாப்பூத் தலையணை உறை கிடந்தது. மெதுவாகக் கூரையில் உட்கார்ந்து, தன் மொழியில் கடவுளின் தாயைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

வெர்னாவின் இரண்டு பாதங்களும் பொத்துப்போய்ப் பத்து நாள் கட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்காரர் காலானிஸ் அன்று மாலையே கூரைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஃபோட்டினி தினமும் கீரை அடைத்துச் சுட்ட அப்பமும் எலுமிச்சைச் சூப்பும் கொண்டுவந்து, அவள் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். போப்பி வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வால்ட் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "கதவ நான்தான் தொறந்து போட்டேன் வெர்ன். நான்தான்," என்று சொல்லிச் சொல்லி அழுதான். மூன்றாம் நாள் மதுக்கடைக்குப் போனான். அங்கே மனம் தாங்காமல் அக்காவின் வீரத்தை எல்லோரிடமும் சொன்னான். நான்காம் நாள் வீட்டு வாசலில் ஒரு நிருபர் நின்றார்.

வெர்னா முதலில் கதவைச் சாத்தப் போனாள். பிறகு யோசித்தாள்: கம்பெனி சொல்லாததை இந்த ஆள் சொல்லலாமே. உட்காரவைத்து முழுவதையும் சொன்னாள். "ஒரே ஒரு வரி மட்டும் விடாம போடுங்க. காத்து பிடிக்காது. யாரையும் பிடிக்காது. இத வரைஞ்சவளே சொல்றா."

"கண்டிப்பா மேடம்," என்று எழுதிக்கொண்டார் நிருபர்.

மறுநாள் வால்ட் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவந்தான். "அஞ்சாம் பக்கம் வெர்ன்! பாதிப் பக்கம்!" 'பறந்து வந்து குழந்தையைப் பிடித்தார் காற்றோடியின் தாய்!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் சினிமாக் காற்றோடி மேகத்தில் நின்றான். அவன் கைக்குக் கீழே வெர்னாவின் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவள் சொன்ன வரி எங்கும் இல்லை. இரண்டு தடவை தேடினாள்.

"என்ன வெர்ன், சந்தோஷமில்லையா?"

"வால்ட், பறந்து வந்தேன்னு போட்டிருக்கான்டா."

"பேச்சுக்குப் போடுறதுதானே?"

"குழந்தைங்களுக்கு எதுடா பேச்சுக்கு?"

மதியத்துக்குள் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "மிஸ் வெர்னா, நீங்க நிஜமாவே பறந்தீங்களாமே? எங்கேருந்து கால வச்சீங்க?" வெர்னா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, பாதக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்த உள்ளங்காலை அவர்களுக்கு நேராக நீட்டினாள். "நடந்துதான் போனேன். நல்லா பாத்துக்குங்க," என்றாள். ஒரு பிள்ளை அழுதது. அதன் அம்மா வந்து, இப்படியா குழந்தைகளைப் பயமுறுத்துவது என்று சண்டை போட்டாள். வெர்னா கட்டுகளைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள். பயந்தது அந்த ஒரு குழந்தைதான். மற்றவர்கள் கலைந்து போகும்போதே எண்ணிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் காலானிஸ் குடும்பம் நியூ ஜெர்சியில் மாடியில்லாத வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனது. மூட்டைகளை ஏற்றும்போது ஃபோட்டினி மகளை இழுத்து வந்து, "சொல்லு," என்றாள். போப்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "தேங்க்யூ மிஸ் வெர்னா," என்றாள். பிறகு தலையைத் தூக்கி, "நீங்க பிடிக்காம இருந்திருந்தா நான் போயிருப்பேன்," என்றாள். பறந்து போயிருப்பாள் என்றா, செத்துப்போயிருப்பாள் என்றா, எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று வெர்னாவுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

இரண்டாவது படம் 1992 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வாரமே பஸ்களின் பக்கவாட்டில் புதுப் படங்கள் ஒட்டிவிட்டார்கள். இந்தத் தடவை அவளுக்கு டிக்கெட் வரவில்லை. வெர்னா காலையிலேயே நாற்காலியைத் தெரு ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர் வீடுகளின் கூரைகளை வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கல நீ. நாடு பூரா உன்னால காவல் காக்க முடியுமா?" என்றான் வால்ட்.

"இந்தத் தெரு வரைக்கும் முடியும்."

 வால்ட் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இடது பக்கம் எனக்கு," என்று உட்கார்ந்தான். மதியம் முட்டையும் ரொட்டியும் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு முதல் காட்சி முடிந்து, பிள்ளைகள் கூட்டமாகத் தெருவில் வந்தார்கள். புதுப் படத்தில் காற்றோடிக்கு ஒரு தங்கை வந்துவிட்டாள் போலிருக்கிறது. பெண் பிள்ளைகளும் மேலங்கி கட்டியிருந்தார்கள். சிலர் வாசல் படிகளிலிருந்து குதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விளக்குக் கம்பங்கள் எரிய ஆரம்பித்தபோது வால்ட் எழுந்து சோம்பல் முறித்தான். "முடிஞ்சுது வெர்ன். இன்னைக்கு ஒண்ணும் நடக்கல."

"ம்," என்றாள் வெர்னா. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நாற்காலியை மட்டும் ஜன்னலிலேயே விட்டுவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை, ஐந்து காட்சிகள்.